ஏழாம் நம்பர் பாத்தி

அந்த ஆள் கடலைப் பார்க்கவில்லை. சிங்காரவேலுவுக்குச் சந்தேகம் தட்டியதே அங்கேதான். முப்பத்தோரு வருஷமாக இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார், படம் வரைய வருகிற எத்தனையோ படக்காரர்களைப் பார்த்தாயிற்று, வருகிறவன் எவனாக இருந்தாலும் முதல் காரியமாகக் கிழக்கு மதிலோரம் போய் நின்று கடலைப் பார்த்து வாயைப் பிளப்பான், அப்புறம் ஒரு சிகரெட், அப்புறம் பங்களா வராந்தாவில் பெட்டியைப் பிரிப்பது, இதுதான் முறை. இந்த ஆளோ நாலு நாளாக வராந்தாப் படிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, புன்னைமரம் எதிரே இருக்க, அதற்குப் பின்னால் அவ்வளவு பெரிய கடல் காலை வெயிலில் தகதகத்துக்கொண்டிருக்க, தலையைத் தூக்காமல் தரையைப் பார்க்கிறான். தரையில் என்ன இருக்கிறது? மரத்துக்கு இந்தப் பக்கம், மேற்கே, செங்கல் பதித்த ஓரம் இருக்கிறது, அதற்குள் காய்ந்த குச்சிகள் இருக்கின்றன, ஏழாம் நம்பர் பாத்தி இருக்கிறது. உலகத்தில் பார்க்க எவ்வளவோ இருக்க, ஒருத்தன் ஊர் விட்டு ஊர் வந்து ஏழாம் நம்பர் பாத்தியைப் பார்ப்பானா, யாராவது சொல்லி அனுப்பாமல்? பெயர் ஜெயசீலனாம், கும்பகோணத்துப் பக்கம் டிராயிங் வாத்தியாராம். வாத்தியார் என்று சொல்லிக்கொள்ள என்ன காசா பணமா, யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். செம்பருத்திக்கு விட்டுக்கொண்டிருந்த ரப்பர் குழாயைக் காலால் மிதித்துத் தண்ணீரை நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் சிங்காரவேலு. தூரிகை துணியில் உரசும் சத்தம்கூட இவ்வளவு தூரம் கேட்காது என்பது அவருக்கும் தெரியும்.

இந்தத் தோட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு, அது மற்ற தோட்டத்துக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற சட்டம். நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி இங்கே வந்து, உப்புக்காற்றில் எது பிழைக்கும் எது சாகும் என்று பார்த்துப் பார்த்து நட்டு, நட்டதைத் தானே உட்கார்ந்து பெரிதாக ஒரு படம் வரைந்து வைத்துவிட்டுச் செத்துப்போனாள். படம் பங்களா கூடத்தில் தொங்குகிறது. அதற்கப்புறம் வந்த படக்காரர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான், அதனால் தோட்டம் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற அறக்கட்டளையில் முடிவு பண்ணிவிட்டார்கள். முன்பிருந்த செயலாளர் படத்தை நகல் எடுத்து, பூ இருக்கிற இடமெல்லாம் வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் எழுதி, பிளாஸ்டிக் உறை ஒட்டிச் சிங்காரவேலு கையில் கொடுத்தார். ஒன்று செம்பருத்தி, இரண்டு மஞ்சள் அரளி, நாலு கல்வாழை, இப்படி. திங்கட்கிழமைதோறும் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்து, கூடியதை வெட்டி, குறைந்ததை நட்டு, படமும் தோட்டமும் ஒன்றுக்கொன்று சரிதானா என்று பார்ப்பது அவர் வேலை. படத்தில் மதில்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும், அதற்கு மட்டும்தான் செயலாளர் நம்பர் போடவில்லை. ஏழாம் நம்பருக்கு நேரே 'நீலப் பூ' என்று எழுதியிருந்தது. என்ன பூ என்று எழுதவில்லை. புன்னைமரத்தடியில் நல்ல நீலம், படத்தில் அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும், வேறெந்தப் பாத்தியும் அத்தனை செழிப்பாக இல்லை. சிங்காரவேலு சங்குப்பூ போட்டார், விஷ்ணுகிரந்தி போட்டார், நீலக் கனகாம்பரம் கொண்டுவந்து போட்டார், எரு மாற்றினார், மண் மாற்றினார், மழைக்காலத்தில் ஏதோ நாலு இலை தலை காட்டும், பங்குனி பிறந்தால் குச்சிதான். பன்னிரண்டில் பதினொன்று சரியாக இருந்தும் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள். துரைசானி காலத்தில் பூத்த மண் தன் கையில் மட்டும் ஏன் பூக்கவில்லை என்று அவர் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

குனிந்தபோது சட்டைப்பையில் காகிதம் மடங்கியது. ஈரக்கையோடு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். காலையில் வேதவல்லி ஒன்றும் பேசாமல் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து அவர் பையில் வைத்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தின பெண்டாட்டி ஒன்றும் பேசாமல் இருந்தால் அதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. மகள் வினோதினி கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது, மாப்பிள்ளை பெயர், மண்டபத்தின் பெயர், முகூர்த்த நேரம், எல்லாம் அவள் கையெழுத்தில். தாய்மாமன் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. வெள்ளை இடம். அவர் வாசல் இறங்கும்போது, பதினொரு மணிக்குள்ள பிரஸ்காரருக்குச் சொல்லணும் என்று மட்டும் சொன்னாள், அவ்வளவுதான். வேதவல்லிக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, தியாகேசன். மணமேடைக்குப் பெண்ணை அழைத்து வரவும், மாலை எடுத்துக் கொடுக்கவும் மாமன்தான் வேண்டும், சித்தப்பனோ பெரியப்பனோ அந்த இடத்தில் நின்றால் சபையே மூக்கில் விரல் வைக்கும். மாமன் செத்துப்போயிருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். அவன் பதினெட்டு கிலோமீட்டரில் சீர்காழிப் பக்கம் ஒரு நர்சரியில் ஒட்டுச்செடி கட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறான். இருக்கட்டும். திருட்டுப்பயலை மேடையில் ஏற்ற முடியாது என்று போன மாசமே சொல்லியாகிவிட்டது. சொன்னபோது வினோதினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால்கூடத் தேவலை. திருடன் என்ற வார்த்தை சரியில்லைதான், அவன் எதையும் எடுக்கவில்லை. ஊற்றினான். ஊற்றினதற்கு என்ன வார்த்தை?

பதினோரு வருஷமாயிற்று, ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை அப்படியே இருக்கிறது. அந்த வருஷம் என்ன புண்ணியமோ சங்குப்பூக்கொடி ஏழாம் நம்பரில் பிடித்துக்கொண்டது, மாசிக் கடைசியில் மொட்டு வைத்தது, பத்தொன்பது மொட்டு, அவர் எண்ணியிருந்தார். அப்போது தியாகேசனும் இந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தான். மேஸ்திரி வேலை யாருக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், சிங்காரவேலுவுக்கா தியாகேசனுக்கா என்று. பூ பூத்துவிட்டால் பேச்சே இல்லை என்று இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் கொடி முழுக்கத் துவண்டு கிடக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டது தியாகேசன், அது அவன் முறை. குனிந்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். கரித்தது. அவ்வளவுதான், உச்சந்தலையில் அடித்த மாதிரி எல்லாம் விளங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, தியாகேசன் கடலிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்ததை அவரே பார்த்திருக்கிறார். கேட்டால் மீன் கழுவ என்றான். மீன் கழுவியது உண்மைதான், அந்த மீனைக் குழம்பு வைத்து வேதவல்லி போட, அவரே இரண்டு துண்டு தின்றார், அது உண்மைதான், ஆனால் கழுவின மிச்சத் தண்ணீர் எங்கே போயிற்று? ஒரு வாளித் தண்ணீர் முழுக்க மீன் கழுவ வேண்டுமா? செயலாளர் இரண்டு தடவை கேட்டார், உறுதியாகத் தெரியுமா என்று. மண்ணே சொல்லுதுங்க என்றார் சிங்காரவேலு, துரைசானி காலத்துல பூத்துக் கொட்டின மண்ணு, கெடுக்காம கெடுமா? அன்றைக்கே தியாகேசனுக்கு வேலை போயிற்று, மேஸ்திரி வேலை சிங்காரவேலுவுக்கு வந்தது. தியாகேசன் சண்டை போடவில்லை. நான் ஏன் மாமா ஊத்தப் போறேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டான். குற்றமில்லாதவன் அப்படி ஒரு தடவையோடு நிறுத்துவானா, குதிக்க மாட்டானா, சத்தியம் பண்ண மாட்டானா என்று அன்றைக்குத் தோன்றியது. சாப்பாட்டுத் தூக்கோடு வேதவல்லி பக்கத்தில்தான் நின்றாள். தம்பியையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது கணக்கு சரியாக வருகிறது. கல்யாணம் நிச்சயமானது தை மாசம். பத்திரிகை அடிக்கிற வாரம் பார்த்து ஒரு ஆள் வருகிறான். எந்தப் பக்கமிருந்து வந்தான்? சீர்காழியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினான், வாட்ச்மேன் சொன்னது. வந்த மறுநாளே, இந்த எடத்துக்கு எத்தனை நாளா தண்ணி விடுறீங்க அண்ணே என்று கேட்டான். ஏன் கேட்கிறான்? எதற்கு இந்த இடத்துக்கு மட்டும்? கும்பகோணத்திலிருந்து வருகிற எவனும் சீர்காழி வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பது ஒரு பக்கம் உறைக்கத்தான் செய்தது, ஆனால் உறைத்த வேகத்திலேயே போய்விட்டது. நர்சரியில் பார்த்திருப்பான், தியாகேசன் பேச்சுக் கொடுத்திருப்பான், அவன் பேச்சில் தேன் சொட்டும், படிச்ச மனுஷன் நீங்க சொன்னா எங்க மாமா கேப்பாரு என்று கெஞ்சியிருப்பான். இல்லை, இது வேதவல்லி வேலையாகவும் இருக்கலாம். பேசாமல் இருக்கிறவளுக்குள் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது. நேற்று இந்த ஆளுக்கு மோர் கொடுத்தாளே, எதற்கு? வருகிற படக்காரனுக்கெல்லாம் மோர் கொடுப்பவள்தான், ஆனாலும் நேற்று ஏன் இரண்டு டம்ளர்? மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும், வெயில் முதுகில் ஏறிவிட்டது. குழாயை இழுத்துக்கொண்டு கல்வாழைப் பக்கம் போவது போலப் போய், அங்கிருந்து அரளிக்கு வருவது போல வந்து, ஒருவழியாக அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஐம்பத்தேழு வயதில் இப்படிப் பூனைநடை நடக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. எட்டிப் பார்த்தார்.

படத்தில் புன்னைமரம் இருந்தது, மதில் இருந்தது, கடல் ஒரு கோடாக இருந்தது. மரத்துக்குக் கீழே நீலம். அதே இடத்தில், அதே அள்ளிக் கொட்டின மாதிரி, துரைசானி படத்தில் இருக்கிற அதே நீலம். சிங்காரவேலுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பிடித்தாயிற்று. நாலு நாளாக உட்கார்ந்து பார்ப்பது போல நடித்து, கூடத்தில் தொங்குகிறதைத் திருடிக் காப்பியடிக்கிறான். குச்சி கிடக்கிற இடத்தில் பூ வரைகிறான். இல்லாவிட்டால் இது குத்தல், இந்த இடத்தில் இப்படிப் பூத்திருக்க வேண்டும், உன்னால் முடியவில்லை என்று முகத்தில் அடித்துச் சொல்கிற குத்தல்.

"சார், அங்க பூ இல்லையே. இல்லாத பூவ ஏன் போடுறீங்க?"

ஜெயசீலன் திரும்பிப் பார்த்தான். பயப்படவில்லை. கண்ணைச் சுருக்கி, அவர் கேட்டது விளங்காமல் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பூ எங்கண்ணே போட்டேன்? அது நிழலு."

"நிழல் கருப்பால்ல இருக்கும்."

"இங்க வந்து நில்லுங்க. மரத்தப் பாக்காதீங்க, தரையை மட்டும் பாருங்க. அந்தச் செவந்த மண்ணு வெயில்ல எப்புடி இருக்கு, மரத்தடியில எப்புடி இருக்குன்னு பாருங்க."

பார்த்தார். முதலில் குச்சிகள்தான் தெரிந்தன, செங்கல் ஓரம் தெரிந்தது, பிடுங்கி எறிய வேண்டிய கோரை ஒன்று தெரிந்தது. முப்பத்தோரு வருஷமாகக் குனிந்து குனிந்து வேரையே பார்த்த கண்ணுக்கு வேறென்ன தெரியும். அப்புறம், எப்போது என்று சொல்ல முடியாது, தெரிந்தது. கடலிலிருந்து ஏறிவந்த வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் அடிக்க, இந்தப் பக்கம் மரம் படுத்திருந்த இடம் முழுக்க நீலமாக இருந்தது. செங்கல் ஓரத்தைத் தாண்டியும் நீலம், பாதையின் மேலும் நீலம், கீழே விழுந்து கிடந்த வெள்ளைப் புன்னைப்பூகூட அதற்குள் நீலமாக இருந்தது. கூடத்துப் படத்தைப் பற்றி ஜெயசீலன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், அதுவும் இதே காலை நேரத்தில் இதே வராந்தாப் பக்கம் இருந்து வரைந்ததுதான், அந்த நீலத்துக்குள் ஒரு பூகூடக் கிடையாது, கிட்டப் போய்ப் பார்த்தால் தரைதான் தெரியும், நாலு நாளாக அந்த நீலம் கிடைக்காமல்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ஏன் அங்கே தண்ணீர் விடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை என்றான். சிங்காரவேலுவுக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது.

"உங்கள இங்க அனுப்புனது யாரு சார்?"

"யாரும் அனுப்பலையேண்ணே. லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

நடந்தார். எங்கே போகிறோம் என்று யோசிக்காமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாகப் போனார். அங்கே எந்தப் பாத்தியும் இல்லை, எந்த நம்பரும் இல்லை, யாரும் என்றைக்கும் எதையும் நட்டதில்லை, யாரும் எதையும் ஊற்றியதில்லை. குனிந்து ஒரு விரல் ஆழத்துக்கு நோண்டி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். கரித்தது. நாலடி தள்ளி எடுத்தார். கரித்தது. வடக்கே மதிலோரம் போய் எடுத்தார், அங்கே இன்னும் கரித்தது. பங்குனிக் காற்று கடலை அள்ளிக்கொண்டு வந்து புன்னையில் மோதுகிறது, இலையில் படிகிற உப்பு பனியில் கரைந்து சொட்டுகிறது, மரத்தைச் சுற்றி எங்கே எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும், இதைச் சொல்ல மேஸ்திரி எதற்கு, வாட்ச்மேன்கூடச் சொல்லுவான். அன்றைக்கு அவர் மண்ணை எடுத்தது ஒரே இடத்தில். வேறு எங்கும் எடுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை, ஏனென்றால் தேடினது கிடைத்துவிட்டது. துரைசானி காலத்தில் பூத்த மண் என்றாரே, எது பூத்தது? இங்கே ஒன்றும் பூத்ததில்லை. கெடுக்காமல் கெடுமா என்றாரே, கெடுவதற்கு என்ன இருந்தது? ஒரு நிழலுக்குச் செங்கல் பதித்து, நிழலுக்கு எருப் போட்டு, நிழல் பூக்கவில்லை என்று ஒருத்தனுடைய சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார். வாயில் உப்போடு நிற்கும்போதே உள்ளே ஒன்று மெதுவாகத் தலை தூக்கியது. இந்தப் பக்கமும் அவனே ஊற்றியிருப்பானோ. மதிலோரமும். அந்த நினைப்பைக் கண்டதும் சிங்காரவேலுவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பதினோரு வருஷமாகத் தன்னோடு கூடவே உண்டு உறங்கியது இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது, அது இனியும் போகாது என்றும் தோன்றியது. மதிலில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். கடற்காற்றில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

பத்தரைக்குக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பின்பக்கம் பென்சிலில் பத்து எண்கள் எழுதியிருந்தன, பெயர் இல்லை. தியாகேசனின் நம்பர் எத்தனை வருஷமாக வேதவல்லியிடம் இருக்கிறது, எத்தனை தடவை பேசியிருப்பாள், என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று மனசு வழக்கம்போல ஓட ஆரம்பித்தது, ஓடட்டும் என்று விட்டுவிட்டு போனில் எண்களை அழுத்தினார். நாலாவது மணி அடிக்கும்போது எடுத்தான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரு, யாரு என்று இரண்டு தடவை கேட்டான். நான்தான் என்றார். மோட்டாரை நிறுத்தும்படி யாரிடமோ சொன்னான். சிங்காரவேலுவுக்கு எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, ஏழாம் நம்பர் பூவே இல்லையாம், நிழலாம், துரைசானி நிழலைத்தான் நீலமாகப் போட்டிருக்கிறாளாம், செயலாளர் பூ என்று எழுதிவிட்டாராம், மரத்தைச் சுற்றி எங்கே எடுத்தாலும் மண் கரிக்கிறது, இப்போதுதான் நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கடைசியில், "நீ ஊத்தல" என்றார்.

"நான் ஊத்தலங்கறது எனக்குத் தெரியாதா மாமா?"

சிங்காரவேலு காகிதத்தை மறுபடியும் நாலாக மடித்தார்.  தியாகேசனே மறுபடியும் பேசினான். "இதச் சொல்லத்தான் கூப்டீங்களா, இல்ல கல்யாணத்துக்கு மாமன் வேணும்னு கூப்டீங்களா?"

இந்த மாதிரிக் கேள்வியை ஊராரையெல்லாம் கேட்டுப் பழகியவர் சிங்காரவேலு. அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. இதைச் சொல்லத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவன் நம்ப மாட்டான், நம்புவதற்கு அவனுக்கு ஒரு காரணமும் இல்லை, அவன் இடத்தில் இவரே இருந்தாலும் நம்ப மாட்டார்.

"ரெண்டுக்கும்தான்" என்றார்.

அங்கே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, உட்கார்ந்திருப்பான். பேரப் போட்டுக்குங்க என்றான், நீங்க போட்டாலும் போடாட்டாலும் வினோதினிக்கு மாமன் நான்தான், முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துடுறேன், பட்டு எடுத்துட்டு வர்றேன், மாலை எடுத்துக் குடுத்துச் செய்ய வேண்டிய முறையெல்லாம் செஞ்சுட்டுப் போறேன் என்றான்.  எழுந்து நின்றார். வேதவல்லியிடம் போய் இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்றுகூட ஒரு கணம் பார்த்துவிட்டார். அப்போது தியாகேசன், குரலை உயர்த்தாமல், செடிக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னான்.

"ஆனா உங்க வீட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன் மாமா. அன்னிக்கின்னு இல்ல, என்னிக்குமே. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சரி என்றார் சிங்காரவேலு. தியாகேசன் சொன்ன ஒரு வார்த்தையை, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அப்படியே நம்பினார்.